ஒரு மேடையும் இரு மொழிகளும்

கொழும்பு லயனல் வென்ற் அரங்கு, 1944இல் மறைந்த புகைப்படக் கலைஞரும் பியானோ வல்லுநருமாகிய லயனல் வென்றின் நினைவாக எழுந்தது. 1953 டிசெம்பரில் மாக்சிம் கோர்க்கியின் நாடகமொன்றுடன் அதன் மேடை திறந்தது. நாடகம், இசை, நடனம் எனப் பல கலைகளுக்கும் அது இடமளித்தது. ஆயினும், செல்வர் வாழும் கறுவாத்தோட்டத்திலே கிராமத்துக் கலைஞனுக்கு என்ன இடம் என்ற வினா எழுவது இயல்பே.

1956 நவம்பர் 3ஆம் நாள் அவ்வினாவுக்கு ஒரு விடை கிடைத்தது. அன்று எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' அங்கு அரங்கேறியது. சாதகக் கதையொன்றைப் பழைய சிங்கள 'நாடகம' வடிவிலே அவர் அமைத்திருந்தார். அவ்வடிவின் நுணுக்கங்களை அவருக்கு உணர்த்தியவர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் நாட்டுப்புறக் கலைஞர். அந்த 'நாடகம'வோ நமது தமிழ்க் கூத்தின் வழிவந்தது!

சிங்களம் மட்டுமே அரச மொழி எனச் சட்டமியற்றப்பட்டதும் அதே 1956இலேயே என்பதை நாம் மறத்தலாகாது. சட்டம் இரு மக்களையும் பிரித்தது. மேடையோ அவர்தம் பழைய உறவை வெளிப்படுத்தியது.

'மனமே'யின் வெற்றி தமிழரையும் விழிக்கச் செய்தது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகிய கூத்துக்களை மேடையேற்றினார். படித்தோர் இழிவாக நோக்கிய கூத்து பல்கலைக்கழக மேடை ஏறியது.

சட்டங்களை மாற்ற ஒரு நாடகத்தால் இயலாது என்பது உண்மையே. எனினும், கொடுத்தும் கொண்டும் வளர்ந்த கலையைத் தனிச் சொத்தாக்க முயல்வோருக்கு இவ்வரலாறே தக்க மறுமொழி.