‘எம்’ போட்ட நோட்டு: மெட்ராஸைத் தாண்டினா செல்லாத காகிதம்

இன்னைக்குப் பேசப்போறது பழைய ரூபாய் நோட்டைப் பத்தி. ஆனா கதை பிலிப்பைன்ஸ்ல ஆரம்பிக்குது.

2005-ல் பிலிப்பைன்ஸின் 100 பேசோ நோட்டு ஒன்று அச்சாகி வந்தது. அதில் அந்நாட்டு அதிபர் அர்ரோயோவின் பெயரில் ஒரே ஒரு எழுத்து தப்பு. ‘ஒய்’ வர வேண்டிய இடத்தில் ‘வி’. அரசுக்குத் தலைகுனிவு, சேகரிப்பாளர்களுக்குத் திருவிழா. அங்கே நோட்டில் அதிபரும் மத்திய வங்கி கவர்னரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவாங்க. அதனால யார் மாறினாலும் அதே நோட்டுக்குப் புதுசா ஒரு வகை பிறந்துடும்.

நம்ம ஊர்லயும் இப்படி ஒரு எழுத்து விஷயம் இருக்கு. அது அச்சுப் பிழை இல்லை. ஒரு காலத்தில் நோட்டோட மதிப்பு எதுவரைக்கும் போகும்னு சொன்ன எல்லைக்கோடு.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போகணும். 1861-ல் பேப்பர் கரன்சி சட்டம் வந்தது. அதுவரை மெட்ராஸ் பேங்க் மாதிரி வங்கிகள் தாங்களே நோட்டு அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. சட்டம் அந்த உரிமையைப் பிடுங்கி அரசாங்கத்திடம் கொடுத்தது. நாட்டைப் பல ‘வட்டங்களா’ பிரிச்சாங்க. மெட்ராஸ், பம்பாய், கல்கத்தான்னு ஆரம்பிச்சு, பிறகு ரங்கூன், லாகூர், கராச்சி, கான்பூர் எல்லாம் வந்தன. எந்த வட்டத்தில் வெளியிட்ட நோட்டோ, அந்த வட்டத்தில்தான் அதைச் சட்டப்படி வெள்ளி ரூபாயா மாத்த முடியும்.

இப்ப கருங்குழியை எடுத்துக்குவோம். மதுராந்தகத்துக்குப் பக்கத்துல, திருச்சி ரோட்டுமேலயே இருக்கிற ஊர். 1890 வாக்கில் அங்கே ஒரு நெல் வியாபாரி இருந்தார்னு வெச்சுக்கோங்க. கையில் மெட்ராஸ் வட்டத்து நோட்டு இருந்தா பிரச்சினை இல்லை. 70, 80 கிலோமீட்டர் வடக்கே போனா வெள்ளி கிடைச்சிடும். ஆனா வடக்கத்தி ஆள் ஒருத்தர் பம்பாய் நோட்டைக் கொடுத்துட்டுப் போயிருந்தா? அதை முழு மதிப்புக்கு வாங்கணும்னு இங்க யாருக்கும் கட்டாயம் கிடையாது. சராப்புக்காரர்கிட்ட போனா, கொஞ்சம் கழிச்சுக்கிட்டுத்தான் மீதியைத் தருவார். நாணயம் மாத்துறப்போ கழிக்கிற அந்தத் தொகைக்கும் தமிழ்ல பேரு ‘வட்டம்’தான். வட்டம் தாண்டினா வட்டம் கொடுக்கணும். யாரோ யோசிச்சு வெச்ச மாதிரியே இருக்கு!

இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் காசை உத்துப் பார்க்கிற பழக்கம் ரொம்ப முன்னாடியே உண்டு. கடப்பாக்கம் பக்கம், ஆலம்பரைக் கோட்டையில் ஒரு நாணயச்சாலை இருந்தது. 1750-ல் அந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர் டூப்ளே கைக்குப் போச்சு. 1760-ல் ஆங்கிலேயர் பிடிச்சாங்க. ஆற்காடு ரூபாயை இரண்டு தரப்பும் அடிச்சாங்க, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தாமரை இருந்தா மெட்ராஸ், பிறை இருந்தா புதுச்சேரி. அவ்வளவு சின்ன வித்தியாசம்.

நோட்டுக்குத் திரும்புவோம். அப்போதைய நோட்டு ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும். மதிப்பை எந்தெந்த மொழியில் எழுதணும்ங்கிறதும் வட்டத்துக்கு வட்டம் மாறும். தபாலில் அனுப்பும்போது திருடு போகாம இருக்க நோட்டைப் பாதியா வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்புவாங்க. அது போய்ச் சேர்ந்த தகவல் வந்த பிறகு மறுபாதி. நடுவில் ஒட்டுப்போட்ட நோட்டு கிடைச்சா, ‘டேமேஜ்’னு ஒதுக்காதீங்க. என்னைக் கேட்டா, புத்தம்புது நோட்டைவிட அதுதான் சுவாரஸ்யம்.

அப்புறம் எல்லை கரைய ஆரம்பிச்சது. 1903-ல் பர்மா நீங்கலா எல்லா இடத்துலயும் 5 ரூபாய் நோட்டு செல்லும்னு ஆச்சு. 1910-ல் 10, 50 ரூபாய். 1911-ல் 100 ரூபாய்.

1917-ல் முதல் உலகப்போரால் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. அந்த வருஷம் நவம்பர் 30-ல் முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாயின் படத்தையே அதில் அச்சடிச்சாங்க. காசு இல்லை, காசோட படம் இருக்கு, வெச்சுக்கோங்கங்கிற மாதிரி. 25 நோட்டு சேர்த்து செக் புக் போலத் தைச்சுக் கொடுத்தாங்க. 1918-ல் இரண்டரை ரூபாய்க்கும் ஒரு நோட்டு வந்தது. ஜனங்க முழுசா நம்பலை. நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்கிற கூட்டம் பெருகி, கஜானா காலியாகிற நிலைமை. கடைசியில் அமெரிக்கா 1918-ல் பிட்மன் சட்டம் போட்டு, 25 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு வித்தது.

அந்த ஒரு ரூபாய் நோட்டில்தான் நம்ம எழுத்து வருது. ‘எம்’னா மெட்ராஸ், ‘ஆர்’னா ரங்கூன், ‘கே’ன்னா கராச்சி. எல்லை போன பிறகும் எழுத்து போகலை. கையெழுத்தும் மூணு விதம்: கப்பே, மெக்வாட்டர்ஸ், டென்னிங். எந்தக் கையெழுத்தோட எந்த எழுத்து சேர்ந்திருக்குங்கிறதை வெச்சுத்தான் சேகரிப்பாளர்கள் விலை பேசுறாங்க. 1926-ல் நிறுத்திட்டாங்க. 1940-ல் இன்னொரு போர் வந்தப்போ ஒரு ரூபாய் நோட்டு திரும்ப வந்தது.

பாட்டி வீட்டுப் பெட்டியில் இப்படி ஒண்ணு கிடைச்சா, கழுவாதீங்க, அயர்ன் பண்ணாதீங்க, லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ‘பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க’ன்னு யாராவது ரிசர்வ் வங்கி பேரைச் சொன்னா, போனை வெச்சிடுங்க. அப்படி யாருக்கும் அனுமதி கொடுக்கலைன்னு ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் அறிவிச்சிருக்கு.

விக்கிறதுக்கு முன்னாடி நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து, உங்க நோட்டில் என்ன எழுத்து இருக்குன்னு எங்களுக்கு அனுப்புங்க. ரங்கூன் ‘ஆர்’ யார்கிட்டயாவது இருக்கா? அந்த நோட்டு எப்படி உங்க வீட்டுக்கு வந்ததுங்கிற கதையையும் சேர்த்து எழுதுங்க.