வான்வழிப் போர்ப் புகைப்படம்

பகைவனுடைய பிரதேசத்தை வானத்திலிருந்து படம் பிடித்து, அப்படங்களைக் கொண்டு அவனுடைய அரண்களையும் ஆயத்தங்களையும் அறியும் யுத்தமுறை. 1858-இல் நதார் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகருக்கு அருகே பலூனில் ஏறி எடுத்ததே வானிலிருந்து எடுத்த முதற்படம் என்பர். அப்படம் இன்று இல்லை. விமானம் வந்த பிறகே இம்முறை சேனைகளின் நித்திய காரியமாயிற்று. முதல் உலக யுத்தத்தில், 1915 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் நூவ் ஷாப்பெல்லில் பிரிட்டிஷ் சேனை தாக்குதல் தொடங்கியபோது, ஜெர்மானியரின் பதுங்கு குழிகளை வான்படங்களிலிருந்து பெயர்த்தெழுதிய வரைபடங்கள் தளபதிகளின் கைவசம் இருந்தன.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டன் துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டுக் காமிராக்களைப் பொருத்திய ஸ்பிட்ஃபயர் விமானங்களை அனுப்பியது. அவை கொணர்ந்த படங்களைத் தேம்ஸ் நதியருகே மெட்மெனம் என்னும் ஊரில் ஒரு மாளிகையில் ஆண்களும் பெண்களுமாக அமர்ந்து ஆராய்ந்தனர். ஒரே இடத்தைச் சற்று இடம் மாறி எடுத்த இரு படங்களை அருகருகே வைத்து ஸ்டீரியாஸ்கோப் வழியே நோக்கினால், தட்டையாய்க் கிடந்த கட்டடங்கள் எழுந்து நிற்கும். நிழலின் நீளத்தையும் படம் எடுத்த நேரத்தையும் கொண்டு அவற்றின் உயரத்தைக் கணித்துவிடுவர். இக்கலையின் ஜீவன் காமிராவைக் காட்டிலும் இந்த வாசிப்பிலேயே இருக்கிறது. 1943 நவம்பர் 28-ஆம் தேதி எடுத்த, ஜெர்மனியின் பீனமுண்டே ஆயுதச் சோதனைத் தளத்தின் படத்தில், சாய்ந்த தண்டவாளத்தின் அடியில் கிடந்த சின்னஞ்சிறு சிலுவை வடிவத்தைக் கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்ற பெண்மணி கண்டு சொன்னதால், வி-1 என்னும் பறக்கும் குண்டு எவ்வாறு ஏவப்படும் என்பது லண்டனில் அது விழுவதற்கு முன்னரே தெரியவந்தது. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை வெளிப்படுத்தியவையும் அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தின் படங்களே. அவற்றை ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் உலகறியக் காட்டினர்.

இவ்வளவு கூர்மையான கண்களுக்கும் தப்பியது ஒன்றுண்டு. அதைச் சொல்லாமல் இவ்வரலாற்றை எழுதுவது தர்மமன்று. 1944 ஏப்ரல் 4-ஆம் தேதி போலந்தில் மோனோவிட்ஸ் என்ற இடத்திலிருந்த ரசாயனத் தொழிற்சாலையைப் படமெடுக்கச் சென்ற தென்னாப்பிரிக்க விமானத்தின் சுருளில், பக்கத்திலிருந்த ஆஷ்விட்ஸ் என்னும் நாஜிக் கொலைமுகாமும் பதிவாயிற்று. ஆராய்ந்தவர்கள் தங்களுக்கு இட்ட கட்டளைப்படி தொழிற்சாலையின் கொதிகலன்களையும் எண்ணெய்த் தொட்டிகளையும் தேடினார்களேயன்றி, முகாமை இன்னதென்று அறியவில்லை. அதன்பின் வந்த படங்களுக்கும் இதே கதிதான். 1979-இல் அமெரிக்க உளவு ஸ்தாபனத்தைச் சேர்ந்த டினோ புருஜியோனியும் ராபர்ட் பொய்ரியரும் அச்சுருள்களைப் பெரிதாக்கி ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். விஷவாயுக் கூடங்களையும், 1944 ஆகஸ்டு 25-ஆம் தேதிப் படத்தில் அவற்றை நோக்கி நடத்திச் செல்லப்பட்ட மனிதர்களின் வரிசையையும் அவர்கள் அதில் அடையாளம் காட்டினர்.