அறுத்து அனுப்பிய துப்பாக்கிகள்

ருமேனியாவில் குஜிர் என்றொரு ஊர். அங்கே உள்ள ஆயுதத் தொழிற்சாலையில் செய்த கலாஷ்னிகோவ் துப்பாக்கிகளில் ஒரு முக்கோணமும் அதற்குள் ஓர் அம்புக்குறியும் இருக்கும். பக்கத்தில் செய்த வருஷம், வரிசை எண். சில துப்பாக்கிகளில் கூடுதலாக 'ஜி' என்று ஒற்றை எழுத்து பொறித்திருக்கும். அந்த எழுத்து அங்கிருந்த தேசபக்தக் காவற்படையைக் குறிக்கிறது. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் புகுந்தபோது, அடுத்து நம் வாசலுக்கும் வருவார்கள் என்று பயந்த சௌசெஸ்கு, தொழிலாளர்களையும் விவசாயிகளையும் சேர்த்து உருவாக்கிய படை அது. ராணுவத் துப்பாக்கி சடசடவென்று தொடர்ந்து சுடும். இவர்களுக்குக் கொடுத்தது அப்படியல்ல. விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு, அவ்வளவுதான். சொந்த மக்கள் கையில் கொடுக்கும்போது ஒரு சர்வாதிகாரி எவ்வளவு நம்புவார் என்பதற்கு இதுவும் ஓர் அளவுகோல்.

அதே 1968இல், இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 22ஆம் தேதி வாஷிங்டனில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த இரண்டு விஷயங்களும் சந்தித்துக்கொள்ள 30 வருஷத்துக்கு மேல் ஆனது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளுக்குக் கூரியரில் வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளில்தான் அவை சந்தித்தன.

பெட்டியைத் திறந்தால் முதலில் கிரீஸ் நாற்றம். பிறகு குழல், போல்ட், ஸ்பிரிங், விசைப் பாகங்கள், எண்ணெய் ஊறிய மரக்கட்டைகள். ஒரு துப்பாக்கிக்கு வேண்டிய எல்லாமே இருக்கும். இவற்றைத் தாங்கிப் பிடிக்கும் ரிசீவர் என்ற தகட்டுப் பெட்டி மட்டும் முழுசாக இருக்காது. தீயால் வெட்டிய அதன் துண்டுகள் கருகிப்போய் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். இதைத்தான் 'பார்ட்ஸ் கிட்' என்கிறார்கள். அப்போது ருமேனிய கிட் ஒன்று 100 டாலருக்கும் கீழே கிடைத்தது. உரிமம், விசாரணை எதுவும் தேவையில்லை, ஏனென்றால் சட்டப்படி அது துப்பாக்கியே இல்லை, பழைய இரும்பு.

ஒரு நாடு தன் துப்பாக்கியை ஏன் அறுத்து விற்க வேண்டும், இன்னொரு நாட்டில் அதை ஏன் ஆசையாக வாங்க வேண்டும்? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

போர் முடிந்தால் துப்பாக்கி மிஞ்சும். மிஞ்சியதை அமெரிக்கர்கள் வாங்குவார்கள். 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரில் பிடிபட்ட ஆயுதங்களில் பெரும்பகுதியை பிரான்சிஸ் பானர்மன் என்ற நியூயார்க் வியாபாரி ஒருவரே வாங்கினார். இவ்வளவு வெடிமருந்தை ஊருக்குள் வைக்க முடியாது என்பதால் ஹட்சன் ஆற்றில் ஒரு தீவையே வாங்கி, அதில் கோட்டை மாதிரி ஒரு கிடங்கு கட்டினார். 1920இல் அங்கே வெடிமருந்து அறை வெடித்தது. சிதைந்த சுவர்களை இன்றும் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அந்த இடத்துக்கு சாமுவேல் கம்மிங்ஸ் வந்தார். சிஐஏவில் வேலை பார்த்தவர். 1953இல் இன்டர்ஆர்ம்கோ என்ற கம்பெனியைத் தொடங்கி, உலகின் ராணுவக் கிடங்குகளைக் காலி செய்து வர்ஜீனியாவில் கொண்டுவந்து குவித்தார். பத்திரிகையில் வரும் கூப்பனை வெட்டி, பணத்தோடு அனுப்பினால் தபாலில் துப்பாக்கி வந்துவிடும்.

உள்ளூர்த் தொழிற்சாலைகளுக்கு வயிற்றெரிச்சல். இவ்வளவு மலிவாக வந்து குவிந்தால் யார் நம்முடையதை வாங்குவான்? துப்பாக்கித் தொழிற்சாலைகள் நிறைந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செனட்டர் ஒருவர், ராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுக்க 1958இல் மசோதா கொண்டுவந்தார். கடைசியில் அது நீர்த்துப்போய், அமெரிக்கா பிற நாடுகளுக்குக் கொடுத்த ஆயுதங்கள் திரும்பி வரக்கூடாது என்ற அளவில் நின்றது. இத்தாலியத் துப்பாக்கிக்கு எந்தத் தடையும் இல்லை. அந்த செனட்டர் ஜான் எஃப். கென்னடி. 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்டு சிகாகோ கடை ஒன்றிலிருந்து, பொய்ப் பெயரில், தபால் செலவோடு சேர்த்து 21 டாலர் 45 சென்டுக்கு வரவழைத்தது 1940இல் இத்தாலியின் டெர்னியில் செய்த கார்கானோ. அசல் ராணுவ உபரி. இதை ஒரு கதையில் எழுதினால் எந்த எடிட்டரும் 'ரொம்பத் தற்செயலா இருக்கே' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பிறகு 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி. அக்டோபரில் சட்டம். உபரி ராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதி நின்றது. தபாலில் வருவதும் நின்றது. ஆனால் அதே சட்டம் சத்தமில்லாமல் இன்னொன்றையும் செய்தது. 1938ஆம் வருஷச் சட்டத்தின்படி துப்பாக்கியின் எந்தப் பாகமும் துப்பாக்கிதான். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் ஆணிக்கும் கணக்கு வைப்பது நடக்கிற காரியமா என்று கேட்டு, 1968இல் அதை மாற்றினார்கள். இனி ரிசீவர்தான் துப்பாக்கி. மற்றதெல்லாம் வெறும் பாகம். (நம் ஊரில் 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி இன்றும் பாகமும் ஆயுதம்தான். இந்தப் பெட்டியை இங்கே வரவழைத்தால் கதை வேறு.)

அம்புலிமாமா படித்தவர்களுக்கு இந்த வழக்கு பழக்கமானது. இரண்டு ஆண்களின் வெட்டுண்ட தலைகளை ஒரு பெண் அவசரத்தில் மாற்றி ஒட்டிவிடுகிறாள், இருவரும் உயிர்த்தெழுகிறார்கள். யார் அவள் கணவன் என்று வேதாளம் கேட்கிறது. தலை யாருடையதோ அவன்தான் என்கிறான் விக்கிரமாதித்தன். அமெரிக்க நாடாளுமன்றம் சொன்னதும் அதே தீர்ப்புதான். எந்தப் பாகம் தலை என்பதைச் சட்டத்தில் எழுதியும் வைத்தது. தலையை வெட்டி எறிந்துவிட்டால் உடல் சுங்கத்தைத் தாண்டலாம். வேதாளத்தின் கேள்விக்கு விடை சொன்னவுடன் கதை முடியவில்லை, அது மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

1980களில் விதி கொஞ்சம் தளர்ந்தது. பழம்பொருள் என்ற கணக்கில் வரும் பழைய துப்பாக்கிகளை முழுசாகவே இறக்கலாம். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டிய துப்பாக்கிகள் அப்படிப் போயின. நம் இஷாபூர் தொழிற்சாலையின் என்ஃபீல்டுகளும் அதில் உண்டு. குண்டு வீசப் பயன்பட்டவற்றில் முன்கட்டையைச் சுற்றி இறுக்கிய செப்புக் கம்பியோடு அமெரிக்கச் சுவர்களில் மாட்டப்பட்டிருக்கின்றன. தொடர்ந்து சுடும் துப்பாக்கிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பெல்ஜியத்தில் பிறந்து 90க்கும் மேற்பட்ட நாடுகள் சுமந்த எஃப்ஏஎல், ஜெர்மனியின் ஜி3, பெர்லின் சுவர் விழுந்தபின் கிழக்கு ஐரோப்பாவின் கலாஷ்னிகோவ்கள் எல்லாம் கிட்டாக மட்டுமே வர முடியும். ரிசீவரை வெறுமனே அறுத்தால் போதாது. தீயால் பல இடங்களில் குறுக்காக வெட்ட வேண்டும், ஒவ்வொரு வெட்டிலும் கால் அங்குல உலோகமாவது உருகிப்போக வேண்டும் என்று அரசு அளவு சொன்னது.

ஒருமுறைக்கு ஒரு குண்டு சுடும் கலாஷ்னிகோவ் வகைகள் மட்டும் 1989 வரை முழுசாக வந்துகொண்டிருந்தன. அந்த வருஷம் ஜனவரி 17ஆம் தேதி கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஒருவன் தொடக்கப்பள்ளி விளையாட்டு மைதானத்தில் சீனத்து கலாஷ்னிகோவால் சுட்டான். ஐந்து குழந்தைகள் செத்தார்கள், சுமார் 30 பேருக்குக் காயம். செத்தவர்களில் நான்கு பேர் கம்போடியக் குடும்பங்களின் பிள்ளைகள், ஒரு பிள்ளை வியட்நாமியக் குடும்பத்தினுடையது. போரிலிருந்து தப்பி ஓடிவந்த சமூகங்கள் அவை. எந்தத் துப்பாக்கியிடமிருந்து தப்பி ஒரு பெருங்கடலைத் தாண்டினார்களோ, அதன் வகையே கடல் தாண்டி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. உபரி, சேகரிப்பு, வரலாறு என்று பேசும்போது நான் தாண்டிப் போக விரும்பாத இடம் இது. துப்பாக்கியின் பயணத்தை ரசிக்கிறவன் அந்தப் பயணம் எங்கெல்லாம் நின்றது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புஷ் அரசு இறக்குமதியைத் தடுத்தது. அடுத்த வருஷம் வந்த சட்டம், இறக்குமதிப் பாகங்களைக் கொண்டு உள்ளூரில் அதே துப்பாக்கியைப் பூட்டக்கூடாது என்றது. அதற்கு அதிகாரிகள் எழுதிய விதி ஒரு கணக்குப் பாடம். 20 பாகங்களின் பட்டியல். அதில் 10க்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக்கூடாது. மேகசின் மட்டுமே மூன்று பாகமாகக் கணக்காகும். ருமேனிய விசையைக் கழற்றி அமெரிக்க விசை, ருமேனியக் கைப்பிடிக்குப் பதில் அமெரிக்கப் பிளாஸ்டிக், இப்படிக் குறைத்துக்கொண்டே வந்து பத்தில் நிறுத்தினால் துப்பாக்கி குடியுரிமை பெற்றுவிடும். குழந்தைகள் செத்ததற்கு அரசு காட்டிய எதிர்வினை ஒரு பாகப் பட்டியலாக முடிந்தது. சாஃப்ட்வேர்காரனாக எனக்கு இது அச்சம் தரும் அளவுக்குப் பழக்கமான மூளை. பிரச்சினையைத் தீர்க்காமல், பிரச்சினை தேர்வில் பாஸாவதற்கு வழிசெய்து கொடுக்கும் மூளை.

2005இல் அரசு குழலையும் நிறுத்தியது. அதுவரை பழுதுபார்க்கும் பாகம் என்று அனுமதித்துவந்ததை அந்த ஜூலையில் ரத்துசெய்தார்கள். அதன்பிறகு வரும் கிட்களில் குழல் இல்லை. குழலோடு வந்த பழைய கிட்டின் விலை பல மடங்கு ஏறியது. மிரட்சியில் வாங்கிக் குவித்தவர்கள் பலர் இன்னும் பெட்டியைத் திறக்கவே இல்லை.

சேகரிப்பாளர்களைக் கேட்டால், உருக்குலைக்கு இரும்பாகப் போகவேண்டியதை நாங்கள் காப்பாற்றினோம் என்பார்கள். பாதி உண்மை. மரமும் இரும்பும் தப்பின. ஆனால் எஃப்ஏஎல்லில் நாட்டின் சின்னமும் எண்ணும் இருப்பது ரிசீவரில்தான். அந்தத் துப்பாக்கி யார் என்று சொல்லும் இடத்தைப் பார்த்து வெட்டிவிட்டு, மிச்சத்தை வரலாறு என்று விற்றார்கள். வெட்டுண்ட துண்டுகளைக் குப்பையில் போடாமல் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கும் சிலர் உண்டு. ஜொலிக்கும்படி புதுசாகப் பூட்டி வைக்கிறவர்களைவிட எனக்கு அவர்கள் மேல்தான் மரியாதை.

கலாஷ்னிகோவில் ஒரு விசித்திரம். அதில் எண் பொறித்திருப்பது தகட்டுப் பெட்டியில் அல்ல, குழலையும் பெட்டியையும் இணைக்கும் முன்பக்கத்துக் கனத்த இரும்புக் கட்டியில். சட்டப்படி அது வெறும் பாகம். அதனால் ரிசீவர் துண்டு துண்டானாலும் எண் அப்படியே வந்து இறங்கியது. வாங்கியவர் கடையில் புது அமெரிக்க ரிசீவர் வாங்கிப் பூட்டும்போது அதற்கென்று தனி எண் இருக்கும். ஆக, பெற்றவள் கூப்பிட்ட பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒன்று என்பதுபோல ஒரே துப்பாக்கிக்கு இரண்டு எண்கள். அமெரிக்க எண்ணுக்குப் பின்னால் ஒரு படிவம் இருக்கிறது. வாங்கியவர் பெயர், முகவரி, கையெழுத்து. ருமேனிய எண்ணுக்கு முக்கோணமும் அம்பும் வருஷமும் மட்டும். பூட்டி முடித்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தபின், சிலர் வெள்ளை மெழுகுக் குச்சியால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் துடைக்கிறார்கள், பள்ளத்துக்குள் வெள்ளை தங்கி எழுத்து தெரிவதற்காக.