கப்பலில் வந்த பிஸ்டன்

வரலாறு என்றவுடன் மாணவர்களுக்கு மன்னர்களும் போர்களுமே நினைவுக்கு வருகின்றன. இன்று நான் ஓர் உலோகத் துண்டின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். மோட்டார் எஞ்சினின் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்தான் அது. ஓடித் தேய்ந்த பிஸ்டனை மீண்டும் பூட்டலாமா, கூடாதா? வடசென்னையில் இக்கேள்விக்கு ஒரு காலத்தில் கிடைத்த விடை வேறு. பின்னர் கிடைத்த விடை வேறு.

ராயபுரத்தில் என் பெரியப்பா ஒரு சிறு மோட்டார் பட்டறை நடத்தி வந்தார். 1960களில், பள்ளி விடுமுறை நாட்களில் நான் அங்கே மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவிக் கொடுப்பேன். அவர் தொழில் பழகியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். அந்நாளில் நம் நாட்டு மோட்டார்களுக்கு வேண்டிய பிஸ்டன்கள் பெரும்பாலும் கப்பலிலேயே வந்தன. போர் மூண்டதும் கப்பல்கள் படைக்குச் சாமான் சுமக்கப் போய்விட்டன. பெட்ரோலும் அருகிப்போகவே, பஸ்களும் லாரிகளும் கரி வாயுவில் ஓடின. அந்த வாயுவோடு கலந்து சென்ற நுண்ணிய சாம்பல் சிலிண்டரையும் பிஸ்டனையும் விரைவில் தேய்த்தது. தேய்மானம் மிகுந்த வேளையில்தான் மாற்றுப் பாகமும் கிடைக்கவில்லை. ஆகவே, பழைய பிஸ்டனை எறிவது என்பது எவருக்கும் கட்டுப்படியாகாத ஆடம்பரமாயிற்று. அதன் தகுதியை நுட்பமாக ஆராயும் கலையும் அந்த நெருக்கடியில் வளர்ந்தது.

அக்கலையின் படிகள் யாவை? முதலில் பிஸ்டன் வளையங்களைக் கழற்றி, அவை அமரும் பள்ளங்களில் படிந்த கரியை நீக்க வேண்டும். உடைந்த பழைய வளையமே அதற்குச் சுரண்டி. அழுத்திச் சுரண்டினால் பள்ளமே கெட்டுவிடும். பின்னர்ப் பள்ளத்தில் ஒரு புதிய வளையத்தை வைத்து, இடைவெளியை மெல்லிய தகட்டால் அளக்க வேண்டும். மேல்பள்ளம் வெப்பத்துக்கு மிக அருகில் இருப்பதால், முதலில் தேய்வது அதுவே. அடுத்து, பிஸ்டனின் கீழ்ப்பகுதியைக் குறுக்குப் பின்னுக்குச் செங்குத்தான திசையில் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். ஏன் அத்திசையில்? பழைய பிஸ்டன்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. 1913இல் இங்கிலாந்தில் டபிள்யூ. ஓ. பென்ட்லி கார்களில் அலுமினியக் கலவைப் பிஸ்டனைப் பயன்படுத்தி வெற்றி கண்டார். பிறகு அதுவே எங்கும் பரவியது. அலுமினியம் எடை குறைந்தது. ஆனால் சூடேறினால் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அவ்விரிவுக்கு இடம்விட்டு, பிஸ்டனைச் சற்றே நீள்வட்டமாகக் கடைகிறார்கள். பின்னுக்குச் செங்குத்தான திசையே அதன் அகன்ற பக்கம். சிலிண்டர்ச் சுவரோடு உராய்வதும் அதுவே.

ஒரு நாள் மீன்பிடி விசைப்படகின் உரிமையாளர் ஒருவர் எஞ்சினைப் பிரிக்கக் கொண்டுவந்தார். பிஸ்டனைக் கழுவி, பெரியப்பா கற்பித்தவாறே அளந்தேன். அளவுகள் யாவும் சரியாக இருந்தன. "நல்லதுதான், பெரியப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை எண்ணெய் கலந்த மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணப் பொடியைக் கரைத்துப் பூசி உலரவிட்டார். சிறிது நேரத்தில் பின் செல்லும் துளையின் ஓரத்தில் மயிரிழைபோல் ஒரு கறை எழுந்தது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் வெளியே கசிந்து வந்துவிட்டது!

இம்முறை நீராவி ரயில் எஞ்சின்களின் பாகங்களைச் சோதிப்பதற்காக அந்நாளைய ரயில்வேப் பட்டறைகளில் வழங்கியது. இன்று விமானப் பாகங்களைச் சோதிக்கும் சாய முறைக்கு அதுவே மூதாதை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்ட ராயபுரத்தில் நின்று அதைக் கண்டதை எண்ணும்போது இன்றும் எனக்கு வியப்பே.

படகுக்காரர் மன்றாடினார். மீன் படும் பருவம். அந்த வெளிநாட்டு எஞ்சினுக்குரிய பிஸ்டன் உடனே கிடைக்காது. "இந்த ஒரு மாசம் ஓடினாப் போதும், அண்ணே" என்றார். "நடுக்கடல்ல நின்னா யாரு தள்ளுவாங்க?" என்று கேட்டார் பெரியப்பா. பின்பு சம்மட்டியால் பிஸ்டனை உடைத்தே கொடுத்தார். முழுதாக இருந்தால் வேறு யாரேனும் பூட்டிவிடுவார்கள் என்பது அவர் அச்சம். படகு பல நாட்கள் கரையில் கிடந்தது. அந்நாட்களில் அதன் ஆட்களுக்குக் கூலி இல்லை. அவர்கள் பட்டறை வழியே போகும்போது நான் தலைகுனிந்து நிற்பேன். ஆயினும், நான் "நல்லது" என்ற பிஸ்டன் கடலில் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணமே என்னை அதிகம் வருத்தியது.

இனி, விடை மாறிய கதைக்கு வருவோம். 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தோன்றியது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் இந்தியா எழுந்தது. அங்கே தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களையே கோத்துப் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். இவற்றுக்கிடையே, 1949இல், ராயபுரத்துக்கு மேற்கே செம்பியத்தில் எஸ். அனந்தராமகிருஷ்ணன் தலைமையிலான சிம்ப்சன் குழுமம் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. கப்பலை எதிர்பார்த்திருந்த பொருள் உள்ளூரிலேயே உருவாகலாயிற்று. சிலிண்டரைப் பெரிதாக்கிக் கடைந்து, அதற்கேற்ற 'ஓவர்சைஸ்' பிஸ்டனை வாங்கிப் பூட்டுவது வழக்கமாயிற்று. மாற்றம் ஒரே நாளில் எல்லோரையும் எட்டவில்லை என்பதற்கு அந்தப் படகே சான்று.

மாணவ நண்பர்களே, ஒரு நாட்டின் தொழில் வளர்ச்சியை உற்பத்திக் கணக்கைக் கொண்டு அளக்கிறோம். சந்தேகத்துக்குரிய ஒரு பாகத்தை "வேண்டாம்" என்று ஒதுக்கும் வசதி ஏழைத் தொழிலாளிக்கும் கிட்டியதா என்பதும் ஓர் அளவுகோலே. பெரியப்பாவின் மைக்ரோமீட்டர் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அன்று விரிசலைக் காட்டியது அதுவன்று. ஒரு பிடி சுண்ணப் பொடியே.