புதுக்கோட்டைக்கு வந்த ஆஸ்திரேலிய ராணி

புதுக்கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு எல்லோரும் சொல்லும் பட்டியல் ஒன்றுதான். சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் கோட்டை, திருக்கோகர்ணம் கோயில், அதன் பக்கத்திலேயே 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம். நேரமிருந்தால் கலெக்டர் ஆபீஸாக மாறிவிட்ட அரண்மனையையும் வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இதே ஊருக்கு 1915-ம் ஆண்டின் கடைசியில் ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். மாப்பிள்ளை இந்த ஊர் ராஜா. பெண் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்தவர். சுமார் ஐந்து மாதங்கள்தான் அவர் இங்கே இருந்தார்.

அந்தக் கதைக்குள் போவதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம். புதுக்கோட்டை வெள்ளைக்காரர்கள் நேரடியாக ஆண்ட ஊர் அல்ல, தொண்டைமான்களின் சமஸ்தானம். சுமார் 1,180 சதுர மைல் பரப்பு. சுற்றிலும் பிரிட்டிஷ் மாவட்டங்கள், நடுவில் இது. தனியாகக் காசு கூட அடித்தார்கள். அம்மன் காசு என்று பெயர். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் தானமாகக் கொடுப்பார்கள். ராஜாவுக்கு 'பிரகதாம்பாதாஸ்' என்று ஒரு பட்டம் உண்டு. நாடு அம்மனுடையது, ராஜா அவளுடைய அடிமை என்று அர்த்தம். இந்தப் பட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இன்றைக்குப் புதுக்கோட்டையின் பழைய பகுதியில் நடந்தால் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராகப் போவதையும், ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுவதையும் பார்க்கலாம். 1878-ல் திவானாக வந்து 1894 வரை நிர்வாகத்தைப் பார்த்த சேஷையா சாஸ்திரியின் கைவண்ணம் அது. அவர் வளர்த்தெடுத்தது ஊரை மட்டுமல்ல, ஒரு சின்னப் பையனையும்தான். 1886-ல் ராமச்சந்திர தொண்டைமான் இறந்தபோது பட்டத்துக்கு வந்தவர் அவருடைய மகள் வயிற்றுப் பேரனான மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அப்போது வயது பத்து. ஆங்கிலேய ஆசிரியரை வைத்துப் படிக்க வைத்தார்கள். 1894-ல் முழு அதிகாரம் கைக்கு வந்தது. ஆங்கிலேயர்களைப் போலவே பேசி, உடுத்தி, ஐரோப்பாவுக்கு அடிக்கடி பயணம் போகும் ராஜாவாக அவர் ஆனதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அப்படித்தானே வளர்த்தார்கள்!

1915-ல் ஆஸ்திரேலியா போன இடத்தில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைச் சந்தித்தார். ஆகஸ்ட் 10-ம் தேதி மெல்போர்னில் பதிவுத் திருமணம். ராஜாவுக்கு 39 வயது, மோலிக்கு 21 கூட நிறையவில்லை. அங்கிருந்த பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

அப்போது புதுக்கோட்டைக்கு ரயிலே கிடையாது (1929-ல்தான் திருச்சியிலிருந்து பாதை வந்தது). ஆகவே சாலை வழிதான். ஜனங்கள் கூடி வரவேற்றார்கள். ஆனால் மோலி தங்கியது இப்போதைய கலெக்டர் ஆபீஸ் கட்டிடத்தில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது 1930 வாக்கில் கட்டியது. மோலி வந்து போய் பதினான்கு வருடம் ஆகிவிட்டிருந்தது.

ஜனங்கள் வரவேற்றாலும் மேலே இருந்தவர்கள் ஏற்கவில்லை. ஒரு பக்கம் அரண்மனை உறவினர்கள். அம்மனுக்கு அடிமை என்று பட்டம் சூடியவர் வேறு மதத்து, வேறு நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தால், பட்டத்துக்கு அடுத்த வாரிசு யார் என்ற கேள்வி வரும் அல்லவா? இன்னொரு பக்கம் ஆங்கில அரசாங்கம். ராஜாவின் மனைவியை ராணி என்று அவர்கள் கடைசி வரை அங்கீகரிக்கவில்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இந்தியரின் மனைவியாக அரியணையில் உட்கார்வதை அவர்களால் தாங்க முடியவில்லை என்பதுதான் என் கருத்து. ஒரு வெள்ளைக்காரரைப் போல ராஜாவை உருவாக்கியவர்களே, அவர் வெள்ளைக்காரியைக் கல்யாணம் செய்ததும் 'நீ இந்தியன்' என்று ஞாபகப்படுத்தினார்கள்!

இதற்கிடையில் மோலி கர்ப்பமானார். உடல்நிலை மோசமானது. அரளி விஷம் கொடுக்கப்பட்டதாகச் சந்தேகம் எழுந்தது. யார் கை அது என்று கடைசி வரை நிரூபணமாகவில்லை. நம் கிராமங்களில் அரளி என்ற பெயரைக் கேட்டாலே பயப்படுவோம். வந்து சில மாதங்களே ஆன, பாஷை தெரியாத ஒரு பெண் எப்படிப் பயந்திருப்பாள்! 1916 ஏப்ரலில் இருவரும் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். ஜூலையில் சிட்னி நகரில் ஆண் குழந்தை பிறந்தது. மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள். பிறந்த ஊரும் தொண்டைமான் பட்டமும் ஒரே பெயரில். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வாரிசு உரிமை இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது.

இங்கே ஒரு சின்ன விஷயம். சித்தன்னவாசல் குகைத் தூணில் ஒரு ராஜாவும் ராணியும் சேர்ந்து நிற்கும் ஓவியம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர் தூரம்தான். இந்த ஊர் வரலாற்றை எழுதிய எஸ். ராதாகிருஷ்ண ஐயர் சித்தன்னவாசலைத் தன் நூலில் குறிப்பிட்டது 1916-ல். பிரெஞ்சுக்காரரான ழூவோ துப்ராய் போன்றவர்கள் எழுதி வெளியுலகம் அந்த ஓவியங்களை அறிந்தது 1920 வாக்கில். ஆக மோலி இங்கே இருந்த ஐந்து மாதமும் அந்த ராஜா ராணி வெளியுலகத்துக்குத் தெரியாமல்தான் கிடந்தார்கள்.

காதலுக்காக முடி துறந்த ராஜா என்று பலரும் எழுதுகிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. 1920-களின் தொடக்கத்தில், ஒரு தொகையும் வருடாந்திரப் படியும் பெற்றுக்கொண்டு வெளிநாட்டிலேயே வாழ்வது என்றும், நாட்டை ஒரு ரீஜண்ட் பார்த்துக்கொள்வது என்றும் ஏற்பாடானது. பட்டத்தை அவர் விடவில்லை. சாகும் வரை புதுக்கோட்டை ராஜாதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. குளத்துத் தண்ணீரையும் மழையையும் நம்பிப் பயிர் செய்த வறண்ட நாட்டுக் குடியானவன் கட்டிய வரி அது. ஐரோப்பிய வாழ்க்கையும் ஆஸ்திரேலியக் குதிரைப் பந்தயமும் அதில்தான் நடந்தன. மோலி மீது எனக்கு இரக்கம் உண்டு. ராஜா மீது அந்த அளவுக்கு வரவில்லை.

பிறகு பிரான்சில் கான் நகரம். 1928 மே மாதம் ராஜா பாரிசில் இறந்தார். உடல் ஊருக்கு வரவில்லை. லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் தகனக் கூடத்தில் எரித்தார்கள். பிரகதாம்பாளின் தாசனுக்கு அவள் மண்ணில் ஒரு பிடி இடம் கிடைக்கவில்லை. புதுக்கோட்டையில் ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் பட்டம் கட்டினார்கள். சிட்னிக்கு அப்போது பன்னிரண்டு வயது.

எட்டு வருடம் கழித்து 1936-ல் என்ன நடந்தது தெரியுமா? பிரிட்டிஷ் சக்கரவர்த்தி எட்டாம் எட்வர்டே, தன் அரசாங்கம் ஒப்புக்கொள்ளாத அமெரிக்கப் பெண்ணைக் கட்டிக்கொள்ள முடியைத் துறந்தார். கான் நகரில் அந்தச் செய்தியைப் படித்தபோது மோலி சிரித்திருப்பாரோ என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14-ல். இரண்டுக்கும் நடுவில், 1967 நவம்பரில், மோலி கான் நகரில் இறந்தார். அவரை ராணியாக ஏற்க மறுத்த அரசாங்கம் இந்தியாவை விட்டுப் போய் அப்போது இருபது வருடம் ஆகியிருந்தது.