களிப்பாறையின் வயது

திருவள்ளூர் மாவட்டத்தின் பல பகுதிகளில் ஆற்று வண்டலுக்கும் செம்மண்ணுக்கும் கீழே களிப்பாறையும் மணற்பாறையும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பாலாற்று வடிநிலத்தைச் சேர்ந்த இவற்றுக்கு ஸ்ரீபெரும்புதூர் அடுக்குகள் என்று பெயர். இவற்றுக்கும் மேலே படிந்தது, கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஆந்திர எல்லையில் வெளித்தெரியும் சத்தியவேடு கூழாங்கற்பாறை.

இவற்றை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தில் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தவரும் இவரே. பாலாற்றுக்கு வடக்கேயுள்ள நிலப்பகுதி பற்றிய அவரது அறிக்கை 1873-ல் வெளிவந்தது. 1879-ல் ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டெல், பாறையில் பதிந்திருந்த இலைகளைக் கொண்டு இவை ஜுராசிக் காலத்தவை என்று கருதினார். ஆனால் டிலோஃபில்லம் போன்ற அந்தத் தாவரங்கள் ஜுராசிக் முடிந்த பிறகும் பெரிதாக மாறாமல் நீடித்தவை. அதனால் இலையை மட்டும் வைத்துக் காலத்தை நெருக்கமாகக் குறிக்க முடியவில்லை.

அந்தக் குறையை நுண்புதைபடிவங்கள் நீக்கின. 1970-களில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் சி. ஜி. கே. ராமானுஜமும் உடன் ஆய்வாளர்களும், காஞ்சிபுரம் அருகே கட்டவாக்கம், ஓரிக்கை ஆழ்துளைகளில் கிடைத்த களிப்பாறையிலிருந்து மகரந்தங்களையும் பெரணி வித்துத்தூள்களையும் பிரித்தெடுத்தனர். இத்தகைய ஆய்வில் பாறைத்தூளை ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலங்களில் ஊறவைப்பார்கள். தாதுக்கள் கரைந்துபோக, மகரந்தத்தின் கடினமான மேலுறை மட்டும் எஞ்சும். கடல்வாழ் நுண்ணுயிர்களான ஃபோராமினிஃபெராவின் ஓடுகளைப் பிரிக்க அமிலம் வேண்டியதில்லை; ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசி, நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். இவ்வாறு கிடைத்த சான்றுகள் இந்த அடுக்குகளைத் தொடக்கக் கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது 14.5 கோடி முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இடைவெளியில், வைத்தன.

பாறையின் வயதில் பிழை நேர்ந்தால் மற்ற கணக்குகளும் பிசகும். அத்திரம்பாக்கத்தில் ஒரு களி அடுக்கு நெடுங்காலம் கிரெட்டேசியஸ் களிப்பாறை என்றே கொள்ளப்பட்டது. 1999-ல் தொடங்கிய, தொல்லியலாளர் சாந்தி பப்புவின் அகழாய்வில் அந்தக் களிக்குள்ளேயே கற்கருவிகள் கிடைத்தன. அது ஆற்று வெள்ளம் விட்டுச்சென்ற படிவு என்று தெரிந்தது. 2011-ல் வெளியான ஆய்வு அங்குள்ள தொன்மையான கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது கணித்தது.

எண்ணெய்த் துரப்பணத்தில் நுண்புதைபடிவங்களின் பயன் இன்னும் பெரிது. துளைக்கும் முனை பெரிய சிப்பிகளை நொறுக்கிவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய ஓடுகள் சேற்றுக் குழம்போடு முழுதாக மேலே வரும். காவிரி வடிநிலத்தில் முதல் ஆழ்கிணறு 1964-ல் தோண்டப்பட்டது முதல் இம்முறை அங்கு பயன்பட்டுவருகிறது. மேலடுக்கின் துகள்கள் கீழே உதிர்ந்து கலக்கும் என்பதால், ஓர் இனம் கிணற்றில் முதலில் தென்படும் ஆழத்தையே, அதாவது அது அழிந்த காலத்தையே, ஆய்வாளர்கள் எல்லைக்கோடாகக் கொள்வார்கள். வித்துத்தூளின் நிறமும் தகவல் தரும்: மஞ்சள் பழுப்பாகி, பிறகு கறுத்திருந்தால், பாறை எவ்வளவு சூடேறியது, எண்ணெய் உருவாகியிருக்குமா என்று கணிக்கலாம்.

கரியமில வாயுவை நிலத்தடியில் சேமிக்கவும் இதே அறிவு தேவை. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள் உள்ள வட்டாரத்தில் இதற்குப் பொருத்தம் உண்டு. வாயு அடர்ந்த நிலையில் தங்க, பொதுவாக 800 மீட்டருக்கும் கீழே துளைகள் நிறைந்த மணற்பாறையும், அதன்மேல் கசிவு விடாத களிப்பாறை மூடியும் வேண்டும். ஒரு கிணற்றில் கண்ட மூடிப்பாறை அடுத்த கிணற்றிலும் தொடர்கிறதா, அல்லது அதே போன்ற வேறொரு களிப்பாறையா என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. இரண்டிலும் உள்ள நுண்புதைபடிவங்களை ஒப்பிட்டே அதை உறுதிசெய்கிறார்கள்.