ஆம்பூரைத் தொடாத ரோடு, யானைக் காட்டைத் தொடும் ரோடு

சென்னை–பெங்களூரு பஸ்ல போனவங்களுக்கு ஆம்பூர்னா பிரியாணியும் ஷூ கம்பெனியும்தான் ஞாபகம் வரும். இந்த எபிசோடுல அதுக்கு வடக்கே, ஆந்திர எல்லையில இருக்கிற ஒரு காட்டைப் பத்திப் பேசப்போறோம்.

முதல்ல பின்னணி. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுல தோல் தொழில் வளர மூணு விஷயம் உதவிச்சு: பாலாற்றுத் தண்ணீர், தோல் பதனிட ஆவாரம்பட்டை, சரக்கைச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ஒரு பாதை. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வந்த ரயில், 1864-ல் பெங்களூரைத் தொட்டது. பிறகு தங்க நாற்கரச் சாலை. ரோட்டோர நிலமெல்லாம் கம்பெனி, ஓட்டல், லாரி பட்டறைன்னு மாறிச்சு.

இதுக்கு விலையும் இருந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாவோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கில்லாம போனதை 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு ஆய்வை வச்சுச் சுட்டிக்காட்டியது. மாசுபடுத்தினவரே செலவை ஏற்கணும்னு தீர்ப்பு.

இப்போ புது எக்ஸ்பிரஸ்வே. 2022 மே மாதம் அடிக்கல், நீளம் சுமார் 260 கி.மீ. ஹொஸ்கோட்டே, பலமநேர், சித்தூர், ராணிப்பேட்டை வழியா ஸ்ரீபெரும்புதூர். ஆம்பூர், வாணியம்பாடி இந்தப் பாதையில இல்லை. நினைச்ச இடத்துல ஏறி இறங்க முடியாத ரோடுங்கிறதால, இன்டர்சேஞ்ச் பக்கத்து நிலம்தான் விலை ஏறும். நடுவுல இருக்கிற ஊருக்கு ஒரு டீக்கடை வியாபாரம்கூட கிடைக்காது.

பலமநேர் பக்கத்துலதான் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம். 1980-களில் ஓசூர் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் இங்கே வந்தன. 1990-ல் சரணாலயமா அறிவிச்சாங்க. அந்தக் காட்டைத் தாண்டி வர்ற கௌண்டின்ய ஆறுதான் மோர்தானா அணை, குடியாத்தம் வழியா பாலாற்றுல கலக்குது. 2023 ஜூன்ல, பலமநேர்–சித்தூர் பழைய நெடுஞ்சாலையிலேயே வண்டி மோதி 3 யானைகள் செத்துப்போச்சு.

வேலி போட்ட புது ரோட்டை யானை நினைச்ச இடத்துல தாண்ட முடியாது. சரியான இடத்துல, போதுமான அகலத்துல சுரங்கவழி வேணும். இல்லன்னா அது வாழைத் தோட்டத்துலயும் நெல் வயல்லயும் இறங்கும். நாம கட்டுற டோல்ல ரோடு போட்ட செலவு இருக்கு. அந்த விவசாயியோட நஷ்டம் இல்லை. தோல் தொழில்கிட்ட 1996-ல் கேட்ட கணக்கை ரோட்டுக்கிட்டயும் கேட்கணும், அதுவும் நிலம் கெட்ட பிறகு இல்லை, இப்பவே.